பாலாற்றுப் பக்கம் தண்ணீர், மண், மணல் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவருகிறவர்களில் எல்லா வகையினரும் உண்டு. பிராஜெக்ட் முடிக்க வேண்டிய கல்லூரி மாணவர், தென்னை ஏன் காய்ப்பதில்லை என்று கேட்கும் விவசாயி, அஸ்திவாரம் தோண்டுமுன் மண் ரிப்போர்ட் தேடும் சைட் இன்ஜினியர், ஊர்க் கிணறுகளை வருஷா வருஷம் அளந்து அட்டவணையாகச் சேர்க்க நினைக்கும் இளைஞர் குழு. கேள்விகள் மட்டும் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். ஆய்வகத்துக்கு வந்த பிறகு படித்துப் பிரயோஜனம் குறைவு.

பாட்டிலில் தண்ணீர் பிடிக்க இத்தனை விதி எதற்கு? மெஷின்தானே கணக்குச் சொல்லப்போகிறது?

மெஷினுக்குப் பாலாறும் தெரியாது, ஆம்பூரும் தெரியாது. அதனிடம் வருகிற சில மில்லி தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். கிணற்றில் இருந்த குரோமியத்தில் பாதி வழியிலேயே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டால், மீதிப் பாதியை மூன்று தசமத் துல்லியத்தில் அளந்து கொடுக்கும். அந்த எண்ணைப் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. அதுதான் ஆபத்து.

ஆய்வகத் தவறு நடந்தால் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். களத்தில் நடந்த தவறுக்கு மறுபடி அந்த நாளுக்கும் அந்தக் கிணற்றுக்கும் போக முடியாது.

பாலாற்றில் தண்ணீரே ஓடுவதில்லையே, எங்கே போய் எடுப்பது?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது பாலாறு. இங்கே சுமார் 222 கிலோமீட்டர் போய் வயலூரில் கடலைச் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் இரு கரையும் நிறையும், அப்புறம் பழையபடி மணல். அதனால் இங்கே 'ஆற்று நீர் ஆய்வு' என்பது பெரும்பாலும் நிலத்தடி நீர் ஆய்வுதான்: கரையோரக் கிணறு, போர்வெல், மணலில் தோண்டிய ஊற்று.

இடம் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் செய்கிற ஒன்று உண்டு. நுரையும் நாற்றமும் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வருவார்கள். அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு 'பாலாறு இப்படி' என்று எழுத முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பின்னணி இடங்கள் வேண்டும். புல்லூர் பக்கம், அதாவது ஆற்றின் போக்கில் வாணியம்பாடியின் தோல் பதனிடும் கம்பெனிகளுக்கு முன்னால் சில கிணறுகள்; தனியாக வருகிற பொன்னையாறு, வாலாஜா பக்கம் பாலாற்றில் கலக்கும் முன் சில கிணறுகள். இந்தப் பக்கம் நிலத்தடி முழுக்கக் கருங்கல்லும் நைஸ் என்ற வரிவரியான கெட்டிப் பாறையும். பாறையிலிருந்தே ஃபுளோரைடு வரும், கடினத்தன்மை வரும். பின்னணி எவ்வளவு என்று தெரியாமல் எல்லாவற்றையும் தோல் கம்பெனி தலையில் எழுதினால் எதிர்த் தரப்பு ஒரே கேள்வியில் மொத்த அட்டவணையையும் தள்ளிவிடும்.

போர்வெல்லில் எவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும்?

புத்தகத்தில், குழாய்க்குள் நிற்கும் தண்ணீரைப்போல மூன்று மடங்கை வெளியேற்றச் சொல்வார்கள். நம் ஊர் வழக்கமான ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 21 லிட்டர் நிற்கும். நீர் மட்டத்துக்குக் கீழே 60 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 1,280 லிட்டர். மூன்று மடங்கு 3,800-ஐத் தாண்டுகிறது. நிமிஷத்துக்கு 60 லிட்டர் தள்ளும் மோட்டாரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கோடையில், வீட்டுக்காரர் முன்னால், அத்தனை தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் அடுத்த முறை கதவு திறக்காது.

அதனால் வேறு வழி. ஒரு வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்து, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்படி விட்டு, இ.சி. (மின்கடத்து திறன்) மீட்டரையும் பி.எச். (அமில-காரத் தன்மை) மீட்டரையும் அதில் வையுங்கள். மோட்டார் போட்டதும் முதலில் குழாய்த் துருவோடு செந்நிறமாக வரும். மீட்டர் எண் ஏறும், இறங்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். அடுத்தடுத்த மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாறையிலிருந்து புதுத் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பிடியுங்கள். குறித்த எண்களைக் கிழித்துப் போடாதீர்கள், அவையும் டேட்டாதான்.

இதைவிட எளிது, விவசாயி நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் போவது. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீரும் வீணாகாது.

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்துவிட்டு 'போர் தண்ணீர்' என்று எழுதக் கூடாது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள், சில வீட்டில் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி இருக்கும். மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவில் எங்கே பிடிக்க முடியும் என்று பாருங்கள்.

எந்தப் பாட்டில்? கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில் போதாதா?

உப்பு, கடினத்தன்மை, குளோரைடு மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். பிடிக்கப் போகும் அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, தலை தட்டும்வரை நிரப்பி மூடுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம்: கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு, உங்கள் கிணற்றில் இல்லாத பாஸ்பேட் ரிப்போர்ட்டில் வரும்.

உலோகங்களுக்கு அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய கெட்டிப் பாலிஎத்திலீன் பாட்டில். பூச்சிமருந்து பார்க்க வேண்டுமானால் பழுப்பு நிறக் கண்ணாடி. கிருமிகளுக்குச் சூடேற்றிச் சுத்திகரித்த பாட்டில். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. குளோரின் கலந்த தண்ணீரானால் உள்ளே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், இல்லையென்றால் குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும், ஊர்த் தொட்டி சுத்தமாக இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். முன்கூட்டியே அமிலம் போட்டுக் கொடுத்த பாட்டிலையும் அலசாதீர்கள். இதைச் சொல்லிக் கொடுத்தாலும் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் அலசிக் கொட்டிவிடுகிறார்கள்.

குரோமியத்துக்கு மட்டும் ஏன் இரண்டு பாட்டில்?

இந்த வட்டாரத்தில் இதைத்தான் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

குரோமியம் தண்ணீரில் முக்கியமாக இரண்டு நிலையில் இருக்கும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட் மூன்று இணைதிறன் கொண்டது; அந்த நிலையில் இருக்கும் குரோமியம் அமிலம் இல்லாத சாதாரணத் தண்ணீரில் அதிகம் கரையாது, களிமண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் கொண்டது வேறு ரகம்: நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு தூரம் போகும், நச்சுத்தன்மையும் அதிகம், புற்றுநோயுடன் தொடர்புள்ளது. ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனங்கள் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மேடு லட்சம் டன்னுக்கு மேல். அதிலிருந்து கசிவது இந்த இரண்டாவது ரகம். ஆக, வாணியம்பாடிச் சேற்றிலும் ராணிப்பேட்டைக் கிணற்றிலும் 'குரோமியம் இருக்கிறது' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் ஒன்றாகக் குழம்பிப்போகும்.

மொத்தக் குரோமியம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்போதுதான் சுவரில் ஒட்டாது. ஆனால் அதே அமிலத்தை ஆறு இணைதிறன் பாட்டிலில் விட்டால், தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருள் அதை மூன்றாக மாற்றிவிடும். கிணற்றில் விஷம் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. ஆகவே இரண்டாவது பாட்டிலில் அமிலம் கிடையாது. களத்திலேயே 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அதற்குமேல் ஆகும் என்றால் பி.எச்.-ஐ ஒன்பதுக்கு மேல் நிறுத்தும் பஃபரை ஆய்வகத்தில் கேட்டு வாங்கிப் போங்கள்.

ஆய்வகத்தில் இதை டைஃபீனைல்கார்பசைடு என்ற ரசாயனத்தால் பார்ப்பார்கள். நிறமில்லாத தண்ணீரில் சில துளி விட்டதும் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் மெல்லப் படரும். அதன் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். கழிவு மேட்டுப் பக்கம் தண்ணீர் மஞ்சளாக இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மஞ்சள் தெரியும் அளவு வருவதற்குள் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்தில் மொத்தக் குரோமிய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது போதுமா?

ஆரம்பத்துக்கு நல்ல கருவி. ஆனால் அது டி.டி.எஸ்.-ஐ, அதாவது கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவை, நேராக அளப்பதில்லை. மின்கடத்து திறனைப் பார்த்து, ஏறக்குறைய 0.64-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர் 0.5 வைத்திருக்கும், சிலது 0.7. அதனால் அட்டவணையில் இ.சி. மதிப்பையே எழுதுங்கள், மீட்டர் பெருக்கிய எண்ணை வேண்டாம். தினமும் காலையில் 1413 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசலில் வைத்துச் சரிபாருங்கள்.

தோலைக் கெடாமல் வைக்கச் சாதாரண உப்பைத்தான் போடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அத்தனையும் தண்ணீரில் இறங்குகிறது. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் கிணறு உப்புக் கரிப்பதற்கு அது பெரிய காரணம், மீட்டர் இதை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா, நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருக்கிறதா, குரோமியம் உண்டா என்று மீட்டருக்குத் தெரியாது. 400 காட்டும் 'நல்ல' தண்ணீரிலும் இவை இருக்கலாம்.

முழு ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஒரு பக்கம். குளோரைடு, சல்பேட், பைகார்பனேட், நைட்ரேட் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் மில்லி ஈக்விவலன்டாக (மின்னூட்டக் கணக்கிலான அலகு) மாற்றிக் கூட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் நிம்மதி. இருபது சதவீதம் என்றால் எங்கேயோ தப்பு. ரிப்போர்ட்டில் எத்தனை முத்திரை இருந்தாலும் திரும்பக் கேளுங்கள்.

ஐஸ் பெட்டி அவசியமா?

வேலூர் மே மாதத்தில் கேட்கிற கேள்வியா இது! பூட்டி நிறுத்திய காருக்குள் வைத்தால் கிருமி பெருகும், நைட்ரேட் மாறும், வாயுக்கள் பிரியும். தர்மாகோல் பெட்டியும் மீன் கடை ஐஸும் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, ஐஸ் கரைந்த தண்ணீரில் காகித லேபிள் உரிந்து மிதக்கும், பேனா மை கரையும். அழியாத மார்க்கரால் பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். மூடியில் மட்டும் எழுதாதீர்கள், மூடிகள் இடம் மாறும்.

சதுப்பேரி, ஓட்டேரி மாதிரி ஏரிகளில் கரைந்த ஆக்சிஜன் பார்க்கிறோம். ஒரே இடத்தில் லிட்டருக்குக் காலையில் 3 மில்லிகிராம், மதியம் 11. மீட்டர் கெட்டுவிட்டதா?

அநேகமாக மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பாசி நிறைந்த ஏரியில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறும், இரவெல்லாம் பாசியே அதைச் சுவாசித்துத் தீர்க்கும். விடியற்காலைதான் மிகக் குறைந்த அளவு, மீன் செத்து மிதப்பதும் அப்போதுதான். நேரம் எழுதாத ஆக்சிஜன் அளவு எதற்கும் உதவாது. மீட்டர் இல்லாமல், இரண்டு ரசாயனம் விட்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் செய்பவர்கள் 300 மில்லி பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, கரையிலேயே அந்த இரண்டையும் விட்டு நிலைநிறுத்திவிட வேண்டும். பழுப்புத் திரள் படிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் ஏரியின் கதை முடிந்தது.

நிலத்து மண்ணை எப்படி எடுத்து வர வேண்டும்?

எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். உர சிபாரிசுக்கு என்றால் பழைய முறையே போதும்: வரப்பு, எருக்குழி, மரத்தடி, மாடு கட்டும் இடம் தவிர்த்து, நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை ஒரே கனத்தில் ஓரத்தைச் செதுக்கி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதை நேரிலேயே காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

மாசு பார்க்க என்றால் கலக்கவே கூடாது. கழிவு நீர் பாய்ந்த நிலத்தில் குரோமியம் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே தங்கியிருக்கும். உப்பு கீழே இறங்கியிருக்கும். மேலிருந்து 15, 30, 60, 90 சென்டிமீட்டர் என்று தனித்தனிப் பையாகப் பிரித்தால்தான் இது தெரியும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் துருப்பிடித்த கடப்பாரையும் வேண்டாம்.

ஆம்பூர் பக்கம் வீடு கட்டுகிறோம். போர் தண்ணீரைக் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தலாமா? மணல்?

சுற்றுச்சூழல் ஆட்களும் இன்ஜினியர்களும் ஒரே பாட்டிலைப் பார்க்க வேண்டிய இடம் இது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456 சொல்கிறபடி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை. பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. குடிநீர்த் தரத்திலோ, வேறு வழியே இல்லையென்றால் குளோரைடு 1,000 வரை அனுமதி உண்டு. அதாவது குடிக்கலாம் என்று விடப்படும் தண்ணீரும் கம்பிக்கு ஆகாமல் போகலாம். 'குடிக்கிற தண்ணிதானே சார்' என்று மேஸ்திரி சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். சந்தேகமானால் அந்தத் தண்ணீரிலும் வடித்த நீரிலும் தனித்தனியாக 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கியூப் போட்டு 28-ஆம் நாள் உடைத்துப் பாருங்கள். வடித்த நீர் கியூபின் வலிமையில் 90 சதவீதமாவது வர வேண்டும். ஆனால் கம்பி துருப்பிடிப்பதை இந்த கியூப் சொல்லாது, அதற்குக் குளோரைடு அளவுதான்.

மணலுக்கு லாரி வந்ததும் சைட்டிலேயே ஒரு சோதனை. அளவுக் கண்ணாடிக் குழாயில் உப்பு கலந்த தண்ணீர் 50 மில்லி, மணல் 100 மில்லிக் கோடுவரை, மறுபடி தண்ணீர் 150 வரை. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் வண்டல் எட்டு சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் வாங்காதீர்கள். லாரியின் மேல் பரப்பில் ஒரு கை அள்ளினால் போதாது. மேலே, நடுவே, அடியே என்று எடுத்துக் கலக்குங்கள். நல்ல மணலை மேலே பரப்புவது எல்லா ஊரிலும் உள்ள கலை.

அஸ்திவார மண் சோதனை தனிக் கதை. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்குவார்கள்; முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். வேலூர்க் குன்றுகளின் அடிவாரத்தில் மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கும். அதில் முட்டி நின்றதை 'பாறை வந்துவிட்டது' என்று எழுதி மூட்டை கட்டிவிடும் ஆட்கள் உண்டு. பக்கத்தில் இன்னொரு துளை போடச் சொல்லுங்கள், பாறைக்குள் சில மீட்டர் துளைத்து எடுத்த கல் துண்டுகளைப் பெட்டியில் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

தேதி, நேரம், எடுத்தவர், கிணறா போரா, ஆழம், முந்தின நாள் மழை உண்டா, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, நிறம், மணம், களத்தில் அளந்த பி.எச்., இ.சி., வெப்பநிலை, எந்தப் பாட்டிலில் எந்த அமிலம், ஆய்வகத்தில் கொடுத்த நேரம். எல்லாம் அங்கேயே, பென்சிலில்.

இடத்தை ஊர்ப் பெயரால் மட்டும் எழுதாதீர்கள். 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்தது வட ஆற்காடு மாவட்டம். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. பழைய அட்டவணையில் 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்றிருப்பது இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டவாரியாகக் கூட்டிச் சராசரி போட்டால், தண்ணீர் மாறாமலே வேலூரின் எண்கள் மாறிவிடும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம வடிவில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. வேலூர் நகரம் தோராயமாக வடக்கு 12.92, கிழக்கு 79.13. இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் கிணறு வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவின் பனியில் போய் நிற்கும். வரைபடத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. பூஜ்யம் போடலாமா?

கூடாது. அந்த ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று கேட்டு, 'அதற்குக் கீழ்' என்று எழுதுங்கள். எல்லையே 0.1 மில்லிகிராம் என்றால், 0.05 வரம்பைப் பற்றி அந்த ரிப்போர்ட் ஒன்றுமே சொல்லவில்லை. 'குரோமியம் இல்லை' என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

காலிப் பாட்டிலையும் இரட்டை மாதிரியையும் சேர்த்தால் செலவு கூடுகிறதே?

கூடும். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை (அதே கிணற்றில் அப்போதே பிடித்த இன்னொரு பாட்டில்), ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு 'காலிப் பாட்டில்' (கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் வடித்த நீர் நிரப்பியது) என்று வையுங்கள். காலிப் பாட்டிலில் துத்தநாகம் வந்தால் உங்கள் கிணறுகளில் வந்த துத்தநாகமும் சந்தேகம். பணம் குறைவு என்றால் கிணறுகளைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். இரட்டை மாதிரிக்கு வேறு எண் கொடுங்கள். எது எதன் ஜோடி என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

இந்த டேட்டா கோர்ட்டில் நிற்குமா?

1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரம் பெற்றவர் முறைப்படி அறிவித்து, இரண்டாகப் பிரித்து, சீல் வைத்துக் கையெழுத்துடன் எடுத்தால்தான் அது அந்தச் சட்டப்படியான மாதிரி. நீங்கள் எடுப்பது அந்த வகையில் வராது. ஆனாலும் வீணில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. 2025 ஜனவரி 30 அன்று பாலாறு விஷயத்தில் மறுபடியும் தீர்ப்பு வந்தது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம். அத்தனை காலம் ஒரே கிணற்றை ஒரே முறையில் அளந்த தொடர் வரிசை எத்தனை ஊரில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒன்று கையில் இருந்தால் வாரியத்திடம் 'இந்த இடத்தில் நீங்கள் எடுங்கள்' என்று கேட்கலாம், மறுப்பது கஷ்டம்.

கழிவுத் தொட்டியிலேயே நேராக மாதிரி எடுக்கலாமா?

அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், அனுமதி இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். தோலின் முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறார்கள்; அந்தத் தண்ணீரோடு அமிலத் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, ஆபத்து விலகியது என்று நினைக்கிற நேரம் அதுதான். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். உங்கள் அட்டவணையில் ஒரு வரிசை காலியாக இருந்தால் பரவாயில்லை.

கிணற்றுக்காரர் முடிவைக் கேட்கிறார். சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும், அவர் தண்ணீர். எல்லோருக்கும் வெளியிடும் அட்டவணையில் மட்டும் பெயரும் கதவு எண்ணும் வேண்டாம். கிணறு கெட்டது என்று தெரிந்தால் நிலத்தின் விலையிலிருந்து பெண் கொடுப்பது வரை பேச்சு வரும். இடக் குறியீட்டின் தசமத்தை வெளியீட்டில் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வட்டம் என்று மட்டும் தெரியும்.

சோதனை முடிந்து மிஞ்சிய திரவத்தை என்ன செய்வது?

வெறும் கிணற்றுத் தண்ணீர் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றலாம். அமிலம் போட்டதைச் சமன் செய்துவிட்டு, உலோகம் இருக்கிறதா என்ற முடிவு வந்த பிறகு பாருங்கள். சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை ரசாயனத்தால் அளப்பது) சோதனைக் குழாய்கள்தான் முக்கியம்: அதில் பொட்டாசியம் டைகுரோமேட், அதாவது அதே ஆறு இணைதிறன் குரோமியம், கூடவே பாதரசமும் வெள்ளியும் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகங்களில் அதை சிங்க்கில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவது சகஜமாக நடக்கிறது. தனிக் கேனில் சேர்த்து, 'குரோமியம், பாதரசம்' என்று எழுதி, அபாயக் கழிவு எடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் கொடுங்கள். ஒரு கல்லூரிக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது என்றால் பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பலாம்.